கேமராவை உள்ளே வைங்க சார்

லீவுக்கு ஊருக்கு வந்த ஆள் ஒரு நாள் முழுக்கக் கார் எடுத்துக்கொண்டு போய், எந்த ரயிலிலும் ஏறாமல், ரயிலைப் பார்த்துவிட்டு மட்டும் திரும்பி வந்தால் வீட்டில் என்ன சொல்வார்கள்? எங்கள் வீட்டில் சொன்னதை அப்படியே இங்கே எழுத முடியாது. "டிக்கெட் எடுக்கக் காசில்லையா?" என்பதுதான் அதன் சாரம். பெட்ரோலுக்கு ஆன செலவில் நாலு பேரும் ஏ.சி. வகுப்பில் மதுரை வரை போய் வந்திருக்கலாம் என்று கணக்கும் போட்டுக் காட்டப்பட்டது. பி.காம். படித்தவன் நான். கணக்குப் போட்டவர் தமிழ் இலக்கியம். கணக்கு சரியாகத்தான் இருந்தது :-)

நான் எழுத வந்தது அந்தக் கணக்கைப் பற்றி இல்லை. ரயிலை ஆசையாகப் பார்க்கிறவனை, அதிலும் படம் எடுக்கிறவனை, நம் ஊரில் ஏன் திருட வந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள் என்பதைப் பற்றி. ரொம்ப நாளாக மனசில் கிடக்கிற விஷயம். போன லீவில் நடந்த ஒன்று அதைக் கிளறி விட்டுவிட்டது.

முதலில் ஒரு தன்னிலை விளக்கம். நான் குப்பை கொட்டுவது மஸ்கட்டில், ஒரு பேங்கில். ஓமானில் ரயில் கிடையாது. சோஹாரிலிருந்து அபுதாபிக்குப் பாதை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், அது ஓடும்போது நான் இங்கே இருப்பேனோ என்னவோ. ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருக்கும்போது தூரத்தில் ஒரு ஹாரன் சத்தம் கேட்காத ஊரில் பதினாலு வருஷம் இருந்து பார்த்தால்தான் நான் சொல்வது புரியும். எனக்குச் சொந்த ஊர் தென்காசிப் பக்கம். எங்கள் பக்கத்து வளைகுடாவாசிகள் நிறைய பேருக்கு ஊர் விமான நிலையம் என்றால் அது திருவனந்தபுரம்தான். விமானம் இறங்கி, வெளியே வந்து, ஒரு சாயா குடித்துவிட்டு, மலையைத் தாண்டினால் வீடு. அதனால் ஒவ்வொரு லீவிலும் வரும்போது ஒரு நாள், போகும்போது ஒரு நாள் திருவனந்தபுரத்தில் கிடைக்கும். அந்த நாளைத்தான் ரயிலுக்கு எழுதி வைத்திருக்கிறேன்.

கூட வருகிறவர்கள் மூன்று பேர். திருவனந்தபுரத்தில் இன்சூரன்ஸ் ஆபீஸில் இருக்கும் மலையாளி நண்பர், இனிமேல் சேட்டன். அவருடைய பையன், என்ஜினீயரிங் படிக்கிறான். ரயில் என்றால் உயிர், எஞ்சின் நம்பரைப் பார்த்தே எந்த ஷெட் என்று சொல்லிவிடுவான். மூன்றாவது, பாளையங்கோட்டையில் என்னோடு பி.காம். படித்து இப்போது நாகர்கோவில் பக்கம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டெபிட், கிரெடிட் சொல்லிக் கொடுக்கும் வாத்தியார். வாத்தியாருக்கு ரயில் மேல் பெரிய பிரியம் எல்லாம் கிடையாது. வழியில் கிடைக்கும் பரோட்டாவுக்காக வருகிறார். ஒவ்வொரு குரூப்பிலும் அப்படி ஒருத்தர் வேண்டும்.

போன தடவை போனது புனலூர் – செங்கோட்டை மலைப்பாதை. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, பாலோடு, குளத்துப்புழை வழியாகத் தென்மலைக்கு ஒரு ரோடு போகிறது. எழுபது கிலோமீட்டர் சொச்சம். ரப்பர் தோட்டமும் காடும் மாறி மாறி வரும். தென்மலையில் கொல்லத்திலிருந்து வரும் தேசிய நெடுஞ்சாலையோடு சேர்ந்துகொண்டால், அங்கிருந்து ஆரியங்காவு வரை ரோடும் ரயிலும் அண்ணன் தம்பி மாதிரி ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காமல் போகும். சில இடத்தில் ரயில் மேலே, நாம் கீழே. சில இடத்தில் காட்டுக்குள் மறைந்துபோய், சுரங்கத்திலிருந்து வெளியே வந்து "இங்கேதான் இருக்கேன்" என்று எட்டிப் பார்க்கும்.

ரயிலை ஏன் காரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பதற்குப் பதில் இதுதான். உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கு மலை தெரியும், ரயில் தெரியாது. கழுதுருட்டி பதிமூன்று கண் பாலத்தின் மேலே போகிற பயணிக்கு ஜன்னல் வழியாகக் கொஞ்சம் பச்சையும் கீழே போகிற லாரியும்தான் தெரியும். தான் எப்பேர்ப்பட்ட ஒரு கல் பாலத்தின் மேல் போகிறோம் என்று அவனுக்குத் தெரியாது. கீழே ரோட்டோரம் டீக்கடையில் நிற்கிற எங்களுக்குத் தெரியும். பாம்பனிலும் இதே கதைதானே? பழைய பாம்பன் பாலத்தில் ரயில் போகும் எத்தனை படம் பார்த்திருப்பீர்கள்! அதில் பெரும்பாலானவை பக்கத்தில் இருக்கும் ரோட்டுப் பாலத்தில் நின்று எடுத்தவை. 1988ல் அந்த ரோட்டுப் பாலம் திறந்திராவிட்டால் அந்த ரயில் பாலம் இவ்வளவு பேர் மனசில் பதிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

இந்தப் பாதையின் கதை கொஞ்சம். தெரிந்தவர்கள் ஒரு பத்தி தாண்டிப் போகலாம். திருவிதாங்கூரில் மூலம் திருநாள் மகாராஜா இருந்த காலத்தில், சவுத் இந்தியன் ரயில்வே கம்பெனி போட்ட மீட்டர் கேஜ் பாதை இது. 1904ல் கொல்லத்திலிருந்து செங்கோட்டை வரை முழுசாக வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் பாதை சேர்வதற்கு முன்னாலேயே கொல்லத்தில் ரயில் ஓட்ட வேண்டும் என்று, எஞ்சினைத் தூத்துக்குடியிலிருந்து கடல் வழியாகப் பாகம் பாகமாகக் கொண்டுவந்து, மாட்டு வண்டியில் ஏற்றிப் போய்ப் பூட்டினார்கள் என்று சொல்வார்கள். 1918ல் பாதை திருவனந்தபுரம் வரை நீண்டது. 1931ல் இப்போதைய தம்பானூர் ஸ்டேஷன். கோட்டயம் வழியாக எர்ணாகுளத்தோடு 1958ல் இணைப்பு வரும் வரைக்கும் அந்தத் தலைநகரத்துக்கு வெளியுலகத்தோடு இருந்த ஒரே ரயில் தொடர்பு இந்தச் செங்கோட்டைப் பாதைதான். கேரளத் தலைநகரம் அரை நூற்றாண்டுக்குப் பக்கமாக மெட்ராஸுக்குப் போனதும் வந்ததும் எங்கள் ஊர் வழியாகத்தான் என்று சேட்டனிடம் அடிக்கடி சொல்லிக் காட்டுவேன். "அப்ப செங்கோட்டையும் ஞங்ஙள் ஊருதான் அல்லே" என்பார். அதுவும் உண்மைதான், 1956 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூரில்தான் இருந்தது. அதனால் சண்டை எப்போதும் டிராவில் முடியும்.

அப்புறம் வந்தது கேஜ் மாற்றம். 1992ல் ஆரம்பித்த யூனிகேஜ் திட்டத்தில் நாடு முழுக்க மீட்டர் கேஜ் ஒவ்வொன்றாகப் போனது. இந்த மலைப் பகுதி கடைசி வரை தாக்குப்பிடித்தது. 2010 செப்டம்பரில் புனலூர் – செங்கோட்டை மீட்டர் கேஜையும் மூடினார்கள். எட்டு வருஷம் கழித்து, 2018 ஜூனில் அகலப்பாதையாகத் திறந்தார்கள். பதிமூன்று கண் பாலத்தை இடிக்கவில்லை, அதே தூண்களைப் பலப்படுத்தி வைத்துக்கொண்டார்கள். அதற்கு ரயில்வே என்ஜினீயர்களுக்கு ஒரு கும்பிடு. இப்போது மின்கம்பியும் வந்துவிட்டது. படம் எடுக்கிறவர்களுக்கு அந்தக் கம்பமெல்லாம் கண்ணில் விழுந்த தூசி மாதிரி. ஆனால் எங்கள் கண்ணுக்காக நாடு டீசல் எரித்துக்கொண்டிருக்க முடியாது, இல்லையா?

அன்றைக்குக் கழுதுருட்டியில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். ரயில் பார்ப்பது என்பது தொண்ணூறு சதவீதம் காத்திருப்பதுதான். தமிழ்நாட்டிலிருந்து காய்கறி லாரிகள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. சேட்டன் தண்டவாளத்தைப் பார்ப்பதும் போனைப் பார்ப்பதுமாக இருந்தார். பையன் வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது என்று ரோட்டோரமாக நடந்து நடந்து பார்த்தான். வாத்தியார் இரண்டாவது பரோட்டா கடையை ஆராயப் போயிருந்தார். முதலில் சத்தம்தான் வந்தது. வளைவில் சக்கரம் தண்டவாளத்தோடு உரசும் கீச்சுச் சத்தம், அதற்குப் பின்னால் எஞ்சினின் முனகல். மலை ஏறும் ரயிலுக்கு முன்னால் ஒரு எஞ்சின், பின்னால் தள்ள ஒரு எஞ்சின். பின்னால் தள்ளுகிற எஞ்சினுக்கு ரயில்வேயில் என்ன பெயர் தெரியுமா? பேங்கர்! நாற்பது வருஷ வாழ்க்கையில் என் தொழிலுக்குக் கிடைத்த ஒரே மரியாதை. முன்னால் இருக்கிறவனுக்குப் பெயர் கிடைக்கும், பின்னாலிருந்து தள்ளுகிறவனை யாரும் பார்க்க மாட்டார்கள், இறக்கத்தில் பிரேக் பிடிக்கவும் அவன் வேண்டும். லோன் டிபார்ட்மெண்டில் இருக்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பாலத்தில் ஏறின. மெதுவாகத்தான். அந்த மலையில் வேகம் காட்ட வழியில்லை. ஜன்னலிலிருந்து ஒரு குழந்தை கை காட்டியது. நாங்கள் நாலு பேரும், வாத்தியார் வாயில் பரோட்டாவோடு, கை காட்டினோம். மொத்தம் ஒரு நிமிஷம்கூட இருக்காது. பையன் எடுத்த படத்தில் பதிமூன்று கண்ணும், முன்னால் எஞ்சினும், பின்னால் பேங்கரும் ஒரே சட்டத்துக்குள் இருந்தன. ரோட்டில் நின்று எடுத்த படம். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பிரச்சினை ஒரு ஸ்டேஷனில் வந்தது. எந்த ஸ்டேஷன் என்று சொல்லப் போவதில்லை. எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதையும் சொல்ல மாட்டேன். நாலு பேருக்கும் பிளாட்பாரம் டிக்கெட் வாங்கியிருந்தோம். அது இரண்டு மணி நேரத்துக்குச் செல்லும். மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, பேங்கர் எஞ்சினைக் கோக்கிறதைப் பையன் படம் எடுத்துக்கொண்டிருந்தான். சீருடையில் ஒருத்தர் வந்தார். "கேமராவை உள்ளே வைங்க சார்" என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார், கூட்டத்தில் தொப்பை பெரிதாக இருக்கிறவன்தான் பொறுப்பாளி என்று நினைத்திருப்பார். எதற்கு எடுக்கிறீர்கள், எந்தப் பத்திரிகை, யார் அனுப்பியது, அனுமதிக் கடிதம் எங்கே என்று வரிசையாகக் கேள்வி. அடையாள அட்டை கேட்டார். பர்ஸில் முதலில் கைக்கு வந்தது ஓமான் ரெசிடென்ட் கார்டு. அதில் இருந்த அரபி எழுத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியதே, அதைப் படம் எடுத்திருக்கலாம்!

முடிவில், அன்று ஸ்டேஷனுக்குள் எடுத்த படம் அத்தனையையும் அவர் கண் முன்னால் அந்தப் பையன் ஒவ்வொன்றாக அழித்தான். நாற்பதுக்கு மேலே இருக்கும். அவர் கத்தவில்லை, திட்டவில்லை, காசு கேட்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். "மேலே கேட்டா நான்தான் சார் பதில் சொல்லணும்" என்றார். இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது எங்களைச் சுற்றி எத்தனை பேர் போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள் தெரியுமா? ஒரு கல்யாணக் கோஷ்டி எஞ்சின் முன்னால் நின்று செல்ஃபி. ஒரு பெண் வீடியோ எடுத்து அப்போதே பாட்டும் போட்டுக்கொண்டிருந்தாள். அவர்களை ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. கையில் போன் இருந்தால் பயணி, கழுத்தில் கேமரா தொங்கினால் சந்தேக ஆசாமி. இதுதான் இப்போதைய சட்டம், எழுதாத சட்டம்.

அந்தச் சீருடைக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஏனென்றால் அவர் யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவர் எங்கள் பேங்கில் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறவர். சர்க்குலர் தெளிவாக இல்லாத விஷயத்தில் கவுண்டரில் இருப்பவன் எப்போதும் "முடியாது" என்றுதான் சொல்வான். "முடியும்" என்று சொல்லி ஏதாவது ஆகிப்போனால் அவனுக்கு மெமோ வரும். "முடியாது" என்று சொன்னதற்காக எவனுக்கும் மெமோ வந்ததில்லை. இருபது வருஷமாக நான் பார்த்துக்கொண்டிருக்கிற உண்மை இது. தப்பு கவுண்டரில் இல்லை, சர்க்குலர் எழுதுகிற இடத்தில் இருக்கிறது. ஒரு ஸ்டேஷனில் "புகைப்படம் எடுக்கத் தடை" என்று போர்டு இருக்கும், அடுத்த ஸ்டேஷனில் இருக்காது. எது தடை, யாருக்குத் தடை, போனுக்கும் உண்டா, ஒன்றும் இருக்காது.

தடை வந்த வழியும் பழசு. 1923ஆம் வருஷத்து அதிகாரப்பூர்வ ரகசியச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வெள்ளைக்காரன் போட்டது. ரயில்பாதை, பாலம் மாதிரி இடங்களை அரசு அறிவித்தால் "தடை செய்யப்பட்ட இடம்" ஆக்கிக்கொள்ள அதில் வழி உண்டு. எதிரி நாட்டு உளவாளி ஒரு பாலத்தைப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டால் போர்க்காலத்தில் ஆபத்து என்று நினைத்த காலம். சரி, அப்போது அது நியாயமாகக்கூட இருந்திருக்கலாம். இன்றைக்கு அதே பாலத்தைச் செயற்கைக்கோள் படத்தில் மஸ்கட்டில் என் சோபாவில் உட்கார்ந்துகொண்டு பெரிதாக்கிப் பார்க்க முடிகிறது. எந்த ரயில் இந்த நிமிஷம் எந்த ஸ்டேஷனைத் தாண்டிப் போகிறது, எத்தனை நிமிஷம் லேட் என்பதை ரயில்வேயே போனில் சொல்கிறது. ரகசியம் எங்கே இருக்கிறது? சேட்டன் பையன் அழித்த அந்த நாற்பது படத்திலா?

பாதுகாப்பு என்ற வார்த்தையை நான் லேசாக எடுத்துக்கொள்கிறவன் இல்லை. 2006 ஜூலை 11 அன்று மும்பை லோக்கல் ரயில்களில் ஏழு குண்டு வெடித்தது. அதை மறந்துவிட்டு யாரும் பேசக் கூடாது. ஆனால் சந்தேகப்படுவது என்பது ஒரு தொழில், அதைச் செய்து சம்பளம் வாங்குகிறவர்கள் நாங்கள். கே.ஒய்.சி., சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கை என்று தினமும் அதிலேயே புரளுகிறோம். அதில் பாலபாடம் என்ன? கணக்கு வைத்திருப்பவன் எல்லாம் சந்தேக ஆசாமி என்று ஆரம்பித்தால் பேங்கை இழுத்து மூட வேண்டியதுதான். வழக்கத்துக்கு மாறாக எது நடக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு வழக்கம் எது என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு ஸ்டேஷனின் வழக்கம் யாருக்குத் தெரியும்? அங்கே வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும், அப்புறம் வாரா வாரம் வந்து நிற்கிற இந்தப் பைத்தியங்களுக்குத் தெரியும்.

பிரிட்டனில் இதைப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். 2005 ஜூலையில் லண்டனில் சுரங்க ரயிலில் குண்டு வெடித்த நாடுதான் அது. அங்கே தண்டவாளத்தைப் பராமரிக்கும் நெட்வொர்க் ரெயில் அமைப்பு, ரயில் ரசிகர்களுக்கென்றே வழிகாட்டி எழுதி வைத்திருக்கிறது. வந்தால் ஊழியரிடம் சொல்லிவிடு, மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நில், ஃபிளாஷ் போடாதே, எதன் மேலும் ஏறாதே, யாருக்கும் வழியை மறிக்காதே. இதோடு, வித்தியாசமாக எதையாவது பார்த்தால் எங்களுக்குச் சொல், நீயும் எங்களுக்குக் கண்ணும் காதும்தான் என்கிற தொனி. அவ்வளவுதான். ஒரு பக்கம்கூட வராது. இதைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி ஸ்டேஷன் மாஸ்டர் அறை வாசலில் ஒட்ட எவ்வளவு செலவாகும்? அந்தச் சீருடைக்காரருக்கும் நிம்மதி, "மேலே கேட்டால்" சுவரைக் காட்டிவிடலாம்.

இன்னொரு வேடிக்கை. சினிமாக்காரர்கள் பணம் கட்டினால் எஞ்சின், பெட்டி, ஸ்டேஷன் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். 'மூன்றாம் பிறை' கடைசிக் காட்சியைக் கேத்தி ஸ்டேஷனில்தான் எடுத்தார்கள். நீலகிரி ரயிலின் கூரை மேலேயே ஆடி 'உயிரே' படத்துக்குப் பாட்டு எடுத்தார்கள். ரயில்வே சட்டப்படி கூரையில் பயணம் செய்வது குற்றம், ஆனால் அந்தப் பாட்டைப் பார்த்துவிட்டு ஊட்டி ரயிலுக்கு டிக்கெட் வாங்கியவர்கள் எத்தனை பேர்! நான் குறை சொல்லவில்லை. வருமானம் வரட்டும். பத்து ரூபாய் பிளாட்பாரம் டிக்கெட்டோடு ஓரமாக நிற்கிறவனையும் கொஞ்சம் நில் என்று சொல்லலாமே என்கிறேன்.

எங்கள் ஆட்களையும் விட்டுவிட முடியாது. தண்டவாளத்தின் நடுவில் முக்காலியை வைத்துக்கொண்டு, வருகிற ரயிலுக்கு நேராக நின்று படம் எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். டிரைவர் ஹாரனில் இருந்து கையை எடுக்க மாட்டார். வண்டி நின்றாலும் நிற்காவிட்டாலும் அந்த மனுஷனுக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் போயிற்று. இது ரசனை கிடையாது, அயோக்கியத்தனம். ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவின்படி அத்துமீறி நுழைந்தால் ஆறு மாசம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. அதைத் தயங்காமல் போடுங்கள், நானே சாட்சி சொல்ல வருகிறேன். ஜப்பானில் ரயில் ரசிகர்கள் ரொம்ப அதிகம், ஏறிப் போவதை விரும்புகிறவனுக்கு ஒரு பெயர், படம் எடுக்கிறவனுக்கு ஒரு பெயர் என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். அங்கேயும் மறைக்கிறது என்று மரத்தை வெட்டுவது, பிளாட்பாரத்தில் இடத்துக்கு அடிதடி என்று மானத்தை வாங்குகிறது ஒரு கூட்டம். இலங்கையில் எல்ல பக்கத்தில் ஒன்பது வளைவுப் பாலம் இருக்கிறது, தெமோதரைக்குப் போகிற வழியில். பாலத்தைப் பார்க்க உலகமே வருகிறது, வருகிறவர்களில் பாதிப்பேர் தண்டவாளத்தின் மேலேதான் நடக்கிறார்கள்.

கழுதுருட்டியிலும் அந்த நாள் தூரத்தில் இல்லை. இப்போதே லீவு நாளில் பாலத்துக்குக் கீழே கார் நிறுத்த இடமில்லை. பாலத்தின் மேலே ஏறிப் போக ஆசைப்படும் பையன்களும் வர ஆரம்பித்துவிட்டார்கள். இதற்குத் தடை போர்டு மருந்தாகாது. அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் ஹார்ஸ்ஷூ கர்வ் என்று ஒரு வளைவு, 1854ல் போட்டது. அந்த வளைவுக்கு நடுவிலேயே பூங்கா வைத்து, வேலி போட்டு, பார்க்கிறவர்களை அங்கே உட்கார வைத்துவிட்டார்கள். மனுஷன் பார்க்கத்தான் வருவான். பார்க்க ஒரு இடத்தைக் கொடுத்துவிட்டால் தண்டவாளத்துக்கு ஏன் போகிறான்? கழுதுருட்டியில் ரோட்டோரம் ஒரு மேடை, ஒரு கம்பிவேலி, ரயில் வரும் நேரம் எழுதிய ஒரு பலகை, ஒரு கழிப்பறை. கேரளச் சுற்றுலாத் துறையும் ரயில்வேயும் ஒரு மேஜையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினால் முடிகிற விஷயம். டீக்கடைக்காரருக்கு இதைச் சொன்னபோது, கழிப்பறையை மட்டும் முதலில் கட்டச் சொல்லுங்கள் என்றார்.

இவ்வளவு வரிந்து கட்டிக்கொண்டு எழுதுவதற்கு எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. என் பெரியப்பா இந்த மலைப்பாதையில் நீராவி எஞ்சினில் ஃபயர்மேனாக இருந்து பிறகு டிரைவர் ஆனவர். ஓய்வு பெறும் வரை அவர் பார்த்த வேலை ஒன்றே ஒன்றுதான், செங்கோட்டைக்கும் கொல்லத்துக்கும் நடுவில் இந்த மலையை ஏறி இறங்குவது. தீபாவளி, பொங்கல் எல்லாம் அவருக்கு எஞ்சினில்தான். நான் சின்னப் பையனாக இருந்தபோது வீட்டுக்கு வந்தால் சட்டையில் கரியும் எண்ணெயும் கலந்த ஒரு வாசனை வரும். "ஏலே, தள்ளி நில்லு, ஒட்டிக்கிடும்" என்பார். நான் இன்னும் ஒட்டிக்கொண்டு நிற்பேன். பதிமூன்று கண் பாலத்தை முதல்முதலில் பார்த்ததும் அவர் ஓட்டிய வண்டியில் உட்கார்ந்துதான்.

அவர் எஞ்சினில் நிற்கிற ஒரு படம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. இருப்பது இரண்டே படம். சர்வீஸ் புத்தகத்துக்கு எடுத்த பாஸ்போர்ட் சைஸ் ஒன்று. ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு நாற்காலியில் உட்கார வைத்து எடுத்தது இன்னொன்று. முப்பத்தைந்து வருஷம் எஞ்சினில் நின்றவர், இருக்கிற ஒரே முழு உருவப் படத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அந்தக் காலத்தில் ஸ்டுடியோக்காரரை வரவழைக்க வசதி இல்லை. வரவழைத்தாலும் ஸ்டேஷனுக்குள் கேமராவை எடுக்க யாருக்கும் தைரியம் இல்லை, போர்டு இருந்தது. மீட்டர் கேஜ் போனது, அந்த எஞ்சின்கள் பழைய இரும்பு விலைக்குப் போயின, பெரியப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் எஞ்சின்களை வரிசையாக நிறுத்தி, பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். ஓட்டினவர்கள் முகத்தை எங்கே போய்த் தேடுவது?

எழுபது எண்பதுகளில் நம் நீராவி எஞ்சின்களைத் தேடி வெளிநாட்டிலிருந்து நிறைய ரசிகர்கள் வந்தார்கள். அவர்கள் ஊரில் நீராவி முடிந்துபோயிருந்தது. கேமராவும் ஃபிலிம் சுருளும் தூக்கிக்கொண்டு, கிடைத்த அனுமதியோடும் கிடைக்காத அனுமதியோடும் எடுத்துத் தள்ளினார்கள். அந்தப் படங்கள் இப்போது ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. நம் ஊர் மீட்டர் கேஜ் எஞ்சினை, நம் ஊர் டிரைவரை, இங்கிலாந்தில் எவரோ ஒரு பெரியவரின் பரணிலிருந்து எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அப்படி ஒரு படம் கண்ணில் பட்டால் நான் எஞ்சினைப் பார்ப்பதில்லை. டிரைவர் நிற்கும் ஜன்னலைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். இதுவரை கிடைக்கவில்லை.

அன்றைக்கு அழித்த நாற்பது படத்தில் ஒன்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பேங்கர் எஞ்சினின் கதவில் உதவி டிரைவர் ஒருத்தர், முப்பது வயசுகூட இருக்காது, ஒரு கையில் பச்சைக் கொடி, இன்னொரு கையில் டிபன் கேரியர், கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். "அண்ணா, ஒண்ணு எனக்கு அனுப்பி வைங்க" என்று பையனிடம் நம்பர்கூடக் கொடுத்தார். அனுப்புவதற்கு முன்னால் அழித்தாயிற்று. பையன் இன்னும் அந்த நம்பரை வைத்திருக்கிறான். அடுத்த லீவில் அவர் டியூட்டி எப்போது என்று கேட்டுக்கொண்டு, ரோட்டில் நின்றாவது எடுத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று சேட்டனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இதைப் படிக்கிற புனலூர், தென்மலை, ஆரியங்காவு, செங்கோட்டைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அலமாரியில், கல்யாண ஆல்பத்துக்கு நடுவில், 1975க்கும் 1995க்கும் இடையில் எடுத்த மீட்டர் கேஜ் ரயில் படம் ஏதாவது கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கலைந்திருந்தாலும் பரவாயில்லை. எஞ்சின் ஜன்னலில் ஒல்லியாக, உயரமாக, தலையில் ஒரு துண்டை இறுக்கக் கட்டிக்கொண்டு, இடது கையை வெளியே தொங்கவிட்டபடி ஒரு மனுஷர் நிற்கிறாரா என்று பாருங்கள்.